தோட்டத்துக்கு வந்த கப்சாய்

கப்சாய் என்பது ஹோண்டா கப் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய மோட்டார் சைக்கிள்களுக்கு மலேசியாவில் வழங்கும் பொதுப்பெயர். கைக் கிளட்ச் கிடையாது. இருக்கைக்கு முன்னால் சட்டகம் தாழ்ந்திருப்பதால் காலை உயர்த்தி வீசி ஏற வேண்டியதில்லை. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் முன்னோக்கிச் சாய்ந்து கிடக்கும். சக்கரம் பெரும்பாலும் 17 அங்குலம். யமஹா, சுசுகி, கவாசாக்கி ஆகியவை செய்த இதே அமைப்பிலான வண்டிகளும், 1996இல் கெடா மாநிலத்தில் தயாராகி வந்த மொடெனாஸ் கிரிஸும் கப்சாய்தான். பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு வீட்டின் முதல் எஞ்சின் வண்டி இதுவே. அந்த முதல் வண்டியைப் பற்றி அவர்கள் ஆசையோடு சொல்லும் செய்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொறியியல் காரணம் உண்டு. தூரத்திலேயே அடையாளம் தெரிந்த சத்தம், பள்ளத்தில் மங்கிய விளக்கு, முன்னால் நிறுத்தி வைத்த அரிசி மூட்டை, பிரேக் பிடித்தால் எழும்பிய மூக்கு எல்லாம் எங்கோ ஒரு வரைபலகையில் எடுத்த முடிவுகளின் பக்கவிளைவுகள்.

இவ்வகையின் மூத்த வண்டி சூப்பர் கப் சி100. 1958 ஆகஸ்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நிறுவனத்தில் பொறியியல் பக்கம் சோய்ச்சிரோ ஹோண்டாவுடையது. வணிகப் பக்கம் தக்கேயோ புஜிசாவாவுடையது. நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்தியபடி மறுகையால் ஓட்டும்படி வண்டி இருக்க வேண்டும் என்று புஜிசாவா கேட்டதாகச் சொல்வார்கள். அந்த ஒரு தேவையிலிருந்தே கைக் கிளட்ச் போயிற்று. சிலிண்டரின் விட்டம் 40 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 39 மில்லிமீட்டர், கொள்ளளவு 49 கன சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 9,500 சுற்றில் 4.5 குதிரைத்திறன். எடை ஏறக்குறைய 55 கிலோ. அந்தக் காலத்தில் இவ்வளவு சிறிய எஞ்சின் என்றால் டூ ஸ்ட்ரோக் என்பதே வழக்கம். ஹோண்டா துணிந்து ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைப் பொருத்தியது. 2017இல் இந்தக் குடும்பத்து வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. எஞ்சின் பூட்டிய வேறு எந்த வண்டியும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை.

பினாங்கு வணிகர் லோ பூன் சியூ 1950களின் இறுதியில் ஹோண்டாவின் முகவராகி மலாயாவுக்கு இந்த வண்டிகளைக் கொண்டுவந்தார். பின்னர் வந்த சி70 தோட்டப்புறங்களில் நிலைத்துவிட்ட பெயர். 47 மில்லிமீட்டர் விட்டம், 41.4 மில்லிமீட்டர் ஓட்டம், ஏறக்குறைய 72 கன சென்டிமீட்டர். 1980களின் பிற்பகுதியில் அதன் இடத்தை 97 கன சென்டிமீட்டர் கொண்ட இஎக்ஸ்5 பிடித்தது.

தோட்டத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே இந்த வண்டிக்குக் கிடைத்த மதிப்பைப் புரிந்துகொள்ள முடியாது. 1877இல் கோலாகங்சாரில் ஹியூ லோ நட்ட பால்மரக் கன்றுகளில் தொடங்கிய ரப்பர், பிறகு சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, பீடோர், சுங்கை என்று பேராக் முழுதும் பரவியது. தோட்டம் என்பது தனக்குள் முடிந்த ஓர் உலகம். லயத்து வீடுகள், ஆயாக்கொட்டகை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, மருந்து கொடுக்க ஒரு டிரெசர் எல்லாம் உள்ளேயே இருந்தன. வெளியே போக வேண்டுமானால் மரங்களுக்கிடையே சில மைல் செம்மண் சாலை. அதற்குப் பிறகுதான் பேருந்து ஓடும் பெரிய ரோடு. சைக்கிள் வைத்திருந்தவர் வசதிக்காரர். நோய் முற்றினால் தோட்டத்து லாரியைக் கேட்டு நிற்க வேண்டும். லாரி கிடைப்பதும் கிடைக்காததும் எழுத்தரான கிராணியையும் மானேஜரையும் பொறுத்தது. ஒரு குடும்பம் தன் முடிவில், தான் நினைத்த நேரத்தில் பேராக்கின் தலைநகர் ஈப்போவுக்குப் போய்வர முடிந்தது கப்சாய் வந்த பிறகே.

ஏறக்குறைய அதே காலத்தில் உலகின் மறுகோடியில் இதே வகைத் தனிமைக்கு இன்னொரு எந்திரம் பிறந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், வால்கூர் என்னும் ஊரில் பட்டறை வைத்திருந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. 1934 குளிர்காலத்தில் பனி மூடிய சாலைகளைக் கடந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியின்றி அவருடைய இரண்டு வயது மகன் இறந்தான். பனியில் ஓடும் வண்டிக்காக அவர் ஏற்கெனவே செய்துவந்த முயற்சி அதன் பிறகு வேகம் பிடித்தது. 1937இல் பலர் அமர்ந்து செல்லும் பனிப் பேருந்தை ஓட்டிய பற்சக்கர, பட்டை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1959இல் ஒருவர் இருவர் ஏறும் ஸ்கி-டூ என்ற பனிவண்டியை விற்கத் தொடங்கினார். சூப்பர் கப் பிறந்த மறுவருடம் அது. வட கனடாவில் பலருக்கு முதல் சொந்த வண்டியாக ஸ்னோமொபைல் என்னும் இந்தப் பனிவண்டி பெற்ற இடமும், தோட்டத்தில் கப்சாய் பெற்ற இடமும் ஒன்றே.

இரண்டுக்கும் இடையே ரப்பர் வழியாக ஒரு தொடர்பும் உண்டு. பொம்பார்டியேயின் 1937 அமைப்பில் பற்சக்கரத்துக்கு ரப்பர் உறை. அது இழுத்த பட்டையோ ரப்பரும் பருத்தியும் சேர்த்துச் செய்தது. அக்காலத்தில் உலகுக்கு இயற்கை ரப்பர் தந்த நாடுகளில் மலாயா முதன்மையானது. பனிக்கு ரப்பர் ஒத்துவந்ததற்கு வேதியியல் காரணம் உண்டு. இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அசைவற்று உறைந்து கண்ணாடிபோல் இறுகுவது ஏறக்குறைய கழித்தல் 70 பாகை செல்சியஸில். அதுவரை அது வளையும், நீளும், பழைய வடிவுக்குத் திரும்பும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த பின் வெயிலில் உருகிப் பிசுபிசுக்கும் குறையும் நீங்கியது. ஆகவே வெப்ப மண்டல மரம் ஒன்றின் பால், நீர் உறையும் நாட்டில் சாலையின் வேலையைச் செய்தது.

ஆனால் தரையோடு நடந்துகொள்ளும் விதத்தில் இரண்டு வண்டிகளும் நேர் எதிர். பனி ஆழமானது, மென்மையானது, அடியில் பிடி எதுவும் கைக்கெட்டாது. அதனால் பனிவண்டி தன் எடையை அகன்ற பட்டையில் பரப்பி மேலே மிதக்கிறது. ஆளோடு சேர்த்து 300 கிலோ உள்ள வண்டி ஒன்று 4,500 சதுர சென்டிமீட்டர் பரப்பில் உட்கார்ந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் பாரம் 70 கிராமைக்கூட எட்டாது. கப்சாயின் டயர் தரையில் தரும் அழுத்தமோ ஏறத்தாழ அதனுள் இருக்கும் காற்றழுத்தமே. சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. முப்பது மடங்கு. பேராக்கின் செம்மண் சாலைக்கு இதுதான் சரி. இரும்பு ஆக்சைடு கலந்த அந்த மண் காய்ந்தால் செங்கல்; மழை பெய்தால் மேலே ஓரிரு அங்குலம் வழுக்கும் களி, அதற்குக் கீழே இறுகிய தரை. குறுகிய டயர் களியைப் பிளந்துகொண்டு அடித்தரையைத் தொடும். அகன்ற டயர் களியின் மேலேயே நின்று வழுக்கும். ஈப்போவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை. தைப்பிங்கில் அதைவிட மிக அதிகம். தோட்டத்து மக்கள் வண்டி வாங்கிய நேரத்தில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் எந்த வண்டி திரும்பி வருகிறது என்று பார்த்தார்கள். அதுவும் ஒரு சோதனைமுறைதான்.

சக்கரத்தின் அளவுக்கும் இதே போல் ஒரு கணக்கு. சாலையில் 5 சென்டிமீட்டர் உயரக் கல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரம் அதன்மேல் ஏற, அந்தச் சக்கரம் தாங்கும் பாரத்தில் எவ்வளவு பங்கை முன்னோக்கித் தள்ளும் விசையாகக் கொடுக்க வேண்டும்? ஆரமும் கல்லின் உயரமும் தெரிந்தால் எளிய வடிவியலில் விடை கிடைக்கும். டயரோடு சேர்த்து ஆரம் 27 சென்டிமீட்டர் உள்ள கப்சாய்ச் சக்கரத்துக்குப் பாரத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு. 1950களில் வந்த 8 அங்குலச் சக்கர இத்தாலிய ஸ்கூட்டருக்கு 90 விழுக்காட்டுக்கு மேல். நகரத்துத் தார்ச்சாலையில் இந்த வேறுபாடு தெரியாது. வேரும் கல்லும் கிடக்கும் தோட்டத்துப் பாதையில் ஓட்டுபவரின் மணிக்கட்டும் இடுப்பும் அதை அறியும். அழகான அந்த ஸ்கூட்டர்கள் பட்டணத்து வண்டியாகவே நின்றுவிட்டதில் வியப்பில்லை.

கப்சாயின் இதயம் என்று சொல்லத்தக்கது எஞ்சினன்று, கிளட்ச். எஞ்சின் ஓடிக்கொண்டே வண்டி நிற்க வேண்டுமானால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே தொடர்பைத் துண்டிக்க வேண்டும். மற்ற மோட்டார் சைக்கிள்களில் இடக்கை அந்த வேலையைச் செய்யும். கப்பில் சுழற்சியே செய்கிறது. எஞ்சின் தண்டோடு சேர்ந்து சுழலும் சிறு எடைகள் அதற்குள் உள்ளன. சும்மா இயங்கும்போது, அதாவது நிமிடத்துக்கு 1,500 சுற்று அளவில், சுருள்வில்கள் அவற்றை உள்ளே பிடித்துவைக்கும். கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றாமல் நழுவும். முறுக்கினால் சுற்று கூடும். மையவிலக்கு விசை சுற்றின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை; வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1,500 சுற்று 3,000 ஆனால் விசை நான்கு மடங்கு. வில்லை மீறி எடைகள் வெளியே தள்ளப்படும், தட்டுகள் இறுகும், வண்டி நகரும். வர்க்க விதி இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு இவ்வளவு தெளிவாக வேலை செய்திருக்காது. ஓய்வில் முழுமையாக விடுபடவும், ஓட்டத்தில் வழுக்காமல் பிடிக்கவும் ஒரே எடையும் ஒரே வில்லும் போதுமானதாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

பரவலாக ஓடும் ஸ்னோமொபைல்களில் உள்ளதும் இதே தத்துவம். அங்கே சுழலும் எடைகள் தட்டை இறுக்குவதில்லை. கூம்பு வடிவ இரு பாதிகளை நெருக்கி, நடுவிலுள்ள ரப்பர் வாரை மேலே ஏறச் செய்கின்றன. வார் ஏற ஏற வேக விகிதம் தானே மாறும். கியர் என்று தனியாக எதுவும் இல்லை. இன்று ஈப்போ வீதிகளில் ஓடும் தானியங்கி ஸ்கூட்டர்களிலும் இந்த ஏற்பாடே. கப்சாய் அதற்கு முந்திய படியில் நிற்கிறது. கியரை மாற்றுவது ஓட்டுபவரின் கால்; மாற்றும் அந்தக் கணத்தில் கிளட்சை விடுவிப்பதும் அதே காலே. மிதியை அழுத்தியதும் உள்ளே ஒரு நெம்பு தட்டுகளைப் பிரிக்கும், அழுத்தம் தொடரும்போது கியர் மாறும், காலை எடுத்தால் தட்டுகள் மீண்டும் சேரும். ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் நாளில் வண்டி ஏன் துள்ளி வேலியில் போய் நின்றது என்பதற்கும் விளக்கம் இதில் உண்டு. மிதியை அழுத்தியபடி முறுக்கினால் எஞ்சின் தடையின்றி 4,000, 5,000 என்று ஏறும். காலைச் சட்டென்று எடுத்தால் அவ்வளவு சுழற்சியும் ஒரே நொடியில் சக்கரத்துக்குப் போகும். பையன்கள் இதைத் தெரிந்துகொண்டு வேண்டுமென்றே செய்ததும் உண்டு.

மிதி முன்னும் பின்னும் நீண்டது. விரல் பக்கம் மிதித்தால் கியர் ஏறும், குதிகால் பக்கம் மிதித்தால் இறங்கும். காலின் மேற்புறத்தால் நெம்பைத் தூக்க வேண்டிய தேவை இல்லாததால் சிலிப்பர் போட்ட காலே போதும். சட்டகம் தாழ்ந்திருப்பதால் கைலியோ சேலையோ தடையில்லை. பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் போனதால்தான் இந்த இடம் காலியாயிற்று. தோட்டத்தில் வண்டி ஓட்டிய முதல் பெண்கள் பலர் ஓட்டியது கப்சாய் என்பதற்குப் பின்னால் தொட்டியை இடம் மாற்றிய இந்தச் சிறு முடிவு இருக்கிறது.

காலியான அந்த இடத்தைச் சாமான் வைக்கும் இடமாகத் தோட்டத்து மக்களே கண்டுபிடித்தார்கள். இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே தூரம் சுமார் 1.2 மீட்டர். 50 கிலோ மூட்டையைப் பின் கேரியரில், பின்னச்சுக்கு 15 சென்டிமீட்டர் பின்னால் கட்டினால் முன்சக்கரத்தின் மீதுள்ள பாரம் 6 கிலோவுக்கு மேல் குறையும். கைப்பிடி இலேசாகி வண்டி தள்ளாடும். அதே மூட்டையைக் கால் வைக்கும் இடத்தில், இரு அச்சுகளுக்கும் நடுவில் வைத்தால் 25 கிலோ முன்சக்கரத்துக்கும் 25 கிலோ பின்சக்கரத்துக்கும் பிரியும். அரிசி மூட்டையும் 14 கிலோ சமையல் எரிவாயுத் தோம்பும் முன்னால் நின்றதற்கு நெம்புகோல் விதியே காரணம். பிள்ளையும் அங்கேதான் நின்றது. அது வேறு கணக்கு, பின்னால் வரும்.

பால் சுமப்பதும் ஒரு தனிக் கலை. பால்மரப் பட்டையிலுள்ள பால்குழாய்களில் அழுத்தம் விடியுமுன் மிக உயர்ந்திருக்கும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்து மடங்கு அளவில். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அழுத்தம் தணிந்து பால் குறையும். அதனால்தான் பால்வெட்டு இருட்டில் தொடங்கியது. சேர்த்த பாலில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ரப்பர், மற்றது பெரும்பாலும் நீர். வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோனது பழைய முறை. நேரம் சென்றால் நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்கிப் பால் உறைந்துவிடும், விலை இறங்கும். சிறுதோட்டக்காரர்களும், பின்னாளில் தோட்டத்து வெட்டுக்காரர்களும் இந்த நேரத்தைக் கப்சாயில் வென்றார்கள். ஆனால் பாதி நிரம்பிய திறந்த வாளியைவிட விளிம்புவரை நிரம்பி மூடிய தோம்பு பாதுகாப்பானது. பாதி நிரம்பிய பாத்திரத்தில் திரவம் ஒரு பக்கம் சாய்ந்து, வண்டி சாயும் திசையிலேயே எடையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கப்பல் கட்டுவோர் மிகவும் அஞ்சுகிற விஷயம் இது. பால் ஏற்றியவர்கள் வளைவில் தெரிந்துகொண்டார்கள்.

சங்கிலி முழுவதையும் மூடிய தகரப் பெட்டி, சேறு படியாமல் காத்த பிளாஸ்டிக் முன்கவசம் ஆகியவற்றை அதிகம் விளக்க வேண்டியதில்லை. முன்சக்கரத்தின் தொங்கலமைப்பு சற்று விசித்திரமானது. சக்கர அச்சு, சுழலும் குறுங்கை ஒன்றின் முன்முனையில் தாங்கப்பட்டிருக்கும். பிரேக் பிடிக்கும்போது டிரம்மைப் பற்றிய கட்டைகளின் முறுக்கம் அந்தக் கையைத் திருப்ப முயலும். விளைவாக வண்டியின் மூக்கு தாழாமல் மேலெழும். குழாய்வடிவ முன்கால் கொண்ட வண்டிகளில் இதற்கு நேர்மாறாக மூக்கு குனியும். சி70இல் பழகியவர் வேறு வண்டிக்கு மாறியதும் முதலில் உணர்ந்த வேறுபாடு இது.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாதவர் இல்லை. அப்பாவின் வண்டி வருகிறது என்று அரை மைல் தொலைவில் வரும்போதே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் தண்டு இருமுறை சுற்றினால் ஒருமுறை வெடிப்பு. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஹோண்டா நொடிக்கு 25 முறை வெடிக்கும், பக்கத்து வீட்டு டூ ஸ்ட்ரோக் யமஹா 50 முறை. அதாவது ஒரே வேகத்தில் யமஹாவின் அடிப்படைச் சுருதி ஒரு ஸ்தாயி மேலே நிற்கும். இரண்டு ஹோண்டாக்களுக்குள்ளேயும் வேறுபாடு உண்டு. சைலன்சரில் துரு தின்ற ஓட்டை, தளர்ந்த வால்வு இடைவெளி, நீண்டுபோன சங்கிலி ஆகியவை ஒவ்வொரு வண்டிக்கும் தனிக்குரல் கொடுக்கும். அதிகாலையில் அது தெளிவாகக் கேட்டதற்கு வானிலையும் துணை. காற்றில்லாத, மேகமற்ற இரவில் தரை குளிர்ந்து அதையொட்டிய காற்றும் குளிரும். மேலே உள்ள காற்று சற்று வெப்பமாயிருக்கும். வெப்பக் காற்றில் ஒலி விரைந்து செல்வதால் அலைகள் மேலே போகாமல் தரையை நோக்கி வளையும். பகலில் சிதறிப்போகும் சத்தம் விடியலில் லயத்து வாசல்வரை வந்தது இதனால்தான்.

விளக்கு மங்கியதும் பலருக்கு மறவாத காட்சி. 6 வோல்ட் சி70களில் முன்விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வரவில்லை. எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரத்துக்குள் இருந்த கம்பிச்சுருளிலிருந்து நேராக வந்தது. ஃபாரடே விதிப்படி சுருளில் தோன்றும் மின்னழுத்தம் காந்தப்புலம் மாறும் வேகத்தைப் பொறுத்தது. வேகமாகப் போனால் வெளிச்சம். பள்ளத்தைக் கண்டு மெதுவாக்கினால் இருள். பள்ளத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்க முடியாமற்போகும் இந்த அமைப்பை எந்த வகையிலும் நல்ல வடிவமைப்பு என்று சொல்ல முடியாது. ஓட்டுபவர்கள் கியரைக் குறைத்து முறுக்கிப் பிடித்து எஞ்சின் சுற்றைக் காப்பாற்றிச் சமாளித்தார்கள். அதே காந்தச் சக்கரம் இன்னொரு நன்மையும் செய்தது: பேட்டரி செத்துப்போனாலும் கிக் அடித்தால் வண்டி கிளம்பும்.

பழுது பார்ப்பது வீட்டு வேலை. தீப்பொறிப் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பது, கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய நீரை வடிப்பது, தீப்பொறியைத் தூண்டும் பாயின்ட்டின் இடைவெளியைச் சரிசெய்வது எல்லாம் ஒரு திருப்புளி, ஒன்றிரண்டு ஸ்பேனரில் முடிந்தன. எஞ்சினுக்கான கறுப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும். எஞ்சின் கிடையாகப் படுத்திருப்பதால் சிலிண்டர் தலை முன்னால் நீட்டி எதிர்க்காற்றில் குளிரும். அதைக் கழற்ற எஞ்சினையே இறக்க வேண்டியதில்லை.

விலைதான் தடை. நாட்கூலிக்காரர்கள் முழுத்தொகை கொடுத்து வாங்குவது அரிது. பட்டணத்துக் கடையில் முன்பணம் கட்டி, ஜாமீன்தாரர் கையெழுத்தோடு தவணையில் எடுப்பதே வழி. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் இந்த விற்பனைக்கு ஒரு வரம்பு வகுத்தது. முன்பணத்தைச் சேர்க்கப் பெண்கள் தங்களுக்குள் பிடித்த கூட்டுச் சீட்டுப் பணமும் உதவியது. 1971இல் அந்தக் கூட்டை ஒரு சட்டம் தடைசெய்தது, ஆனால் வழக்கம் அவ்வளவு எளிதில் போகவில்லை. எண் பலகையில் பேராக்குக்குரிய 'ஏ' எழுத்தோடு புது வண்டி தோட்டத்துக்குள் வந்ததும் முதலில் நின்றது கோயில் வாசலில். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்.

முதல் வண்டி ஏன் மற்ற வண்டிகளைவிட அழுத்தமாக நினைவில் நிற்கிறது என்பதை உளவியல் ஓரளவு விளக்கும். முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்டவை விகிதத்துக்கு மிஞ்சி வரும் என்பது பல ஆய்வுகளில் கண்ட செய்தி. புதுமையான அனுபவங்கள் குவியும் வயது அது. மணத்துக்கும் பங்கு உண்டு. மற்றப் புலன்களின் செய்தி மூளையின் தலாமஸ் வழியாகப் போக, மூக்கின் செய்தி நுகர்வுக் குமிழிலிருந்து உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேராகச் செல்கிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புதிய பெட்ரோல் கலவையில் ஒரு பகுதி எரியாமலே எண்ணெயோடு சேர்ந்து புகைக்குழாயில் வெளியேறும். மாசு என்ற வகையில் அது கெட்ட எஞ்சின். ஆனால் அந்தப் புகையின் வாடை பட்டதும் நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய காலைப்பொழுது திரும்புகிறது என்று சொல்பவர்கள் கற்பனை செய்வதில்லை.

நினைவு இனிப்பானதை மட்டும் வடிகட்டி வைக்கும். ஒரு வண்டியில் நான்கு பேர் போனதை மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். 75 கிலோ வண்டியும் 60 கிலோ ஆளும் சேர்ந்து 135 கிலோ. மனைவியும் இரு பிள்ளைகளும் ஏறினால் 225 கிலோ. பழைய டிரம் பிரேக்கின் பிடிப்பு விசைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் நிற்கும் தூரம் எடைக்கு ஏற்ப நீளும். தனி ஆளுக்கு 12 மீட்டர் போதுமான இடத்தில் குடும்பத்துக்கு 20 மீட்டர் தேவைப்படும். முன்னால் நிற்கும் பிள்ளைக்குத் தடுப்பு என்று எதுவும் இல்லை. மலேசியாவில் 1973 முதல் தலைக்கவசம் கட்டாயம். 1992 முதல் பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு எரிய வேண்டும். அப்படியிருந்தும் இன்று நாட்டின் சாலை மரணங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தான். தோட்டத்து உட்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் பழகிய வண்டி பெரிய ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போனபோது இழப்பு கூடியது.

பெரிய ரோட்டுக்குப் போக வேண்டிய கட்டாயமும் வந்தது. ரப்பர் வெட்டி அழிக்கப்பட்டுச் செம்பனை ஏறியது. சில தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன, சில வீடமைப்பு மனைகளாயின. 1985இல் ஈய விலையும் சரிந்ததால், ஈயச் சுரங்கங்கள் இருந்த கிந்தா பள்ளத்தாக்கில் பழைய வேலைகள் சுருங்கின. லயத்தில் குடியிருந்துகொண்டே தொழிற்சாலை வேலைக்குப் போன இளைஞர்களையும், பிறகு ஈப்போவின் புந்தோங், மெங்லெம்பு, சிலிபின் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தவர்களையும் இரவு ஷிப்டுக்கும் பகல் ஷிப்டுக்கும் சுமந்தது கப்சாய்தான். பேருந்து ஓடாத நேரத்தில் தொடங்கும் வேலையை ஏற்க முடிந்ததே வண்டி இருந்ததால்.

இஎக்ஸ்5 இன்றும் விற்பனையில் உண்டு. கார்புரேட்டருக்குப் பதில் மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பு வந்துவிட்டது. பழைய சி70களைத் தேடி வாங்கிப் புதுப்பிப்பவர்கள் பேராக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு: 6 வோல்ட் காந்தச் சக்கரத்தை அப்படியே வைப்பதா, 12 வோல்ட்டுக்கு மாற்றுவதா. மாற்றினால் பேட்டரியோடு நிலையான வெளிச்சம் கிடைக்கும். பாயின்ட்டை எடுத்துவிட்டு மின்னணுப் பொறியூட்டியைப் பொருத்தினால் மழையில் நனைந்த மறுநாளும் ஒரே கிக்கில் கிளம்பும். அசல் உறுப்புகளோடு விற்றால் விலை அதிகம் என்பதால், கழற்றிய பழைய சுருளையும் பாயின்ட்டையும் துணியில் சுற்றி இருக்கைக்கு அடியிலேயே வைத்திருப்பவர்களும் உண்டு.